தாய்க்கு ஓர் இடம்

இசக்கிராஜும் இரண்டு வயது மகள் தாமிராவும் இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள். மனைவி நிரோஜா யாழ்ப்பாணத்துக்காரி, இலங்கைப் பாஸ்போர்ட். அவனுக்கு வேலை கொடுத்த நாடு அவளை ஏற்கவில்லை. அவளைப்போலவே செய்த இயந்திரப் பிரதியைத்தான் குடும்ப விசாவில் சேர்த்துக்கொண்டது. அதற்கு அவள் முகம், அவள் குரல், அவள் உடம்பின் சூடு. பிள்ளை ஏங்கிவிடக் கூடாதென்று, தூங்கவைக்கும்போது உச்சியில் மெல்ல ஊதுவதைக்கூட நிரோஜாவே அதற்குச் சொல்லிக்கொடுத்தாள். பிள்ளை குழம்புமே என்று போனிலும் பேசாமல் இருந்தாள்.

மூன்று வருடம் கழித்து அவளுக்கும் விசா வந்தது. அந்த நாட்டு விமான நிலையத்தில் இசக்கிராஜும் தாமிராவும் பிரதியும் காத்திருந்தார்கள்.

“ஒரு குடும்பத்துக்கு ஒரு தாய்க்குத்தான் அனுமதி. யார் திரும்பிப் போவதென்று பிள்ளை சொல்லட்டும்,” என்றார், நிரோஜா வந்திறங்கியதும் மறித்த குடியேற்ற அதிகாரி.

“தாமிரா, இவதாம்மா ஒன்னப் பெத்தவ,” என்று கெஞ்சினான் இசக்கிராஜ்.

“அம்மாட்ட வாங்கோ, குஞ்சு.” நிரோஜா மண்டியிட்டு, மகளின் உச்சியில் மெல்ல ஊதினாள்.

தாமிரா மிரண்டுபோய்ப் பிரதியின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

“ஏனம்மா, இது உங்கள மாதிரியே ஊதுது?”