கேக்கின் மேல் ஒரு காடு

"புழுவை எடுத்துடுக்கா. பிறந்தநாள் கேக்குல யாராவது புழு வைப்பாங்களா?"

"புழு இல்லடி, கம்பளிப்பூச்சி. அவளுக்குப் பிடிக்கும்."

"உன்கிட்ட வந்து சொன்னாளாக்கும்."

"பத்து மாசத்துல தொட்டிச்செடியிலேருந்து ஒண்ணைப் பிடிச்சு வாயில போட்டுக்கிட்டாளே! விரலை விட்டு நான்தானே எடுத்தேன். திருப்பிக் கொடுன்னு என்ன அழுகை அழுதா!"

தங்கை சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. பச்சை கிரீமை அழுத்தி, சாக்லேட் மரத்துக்கு இன்னும் நாலு இலை வைத்தாள். மரத்தடியில் பிஸ்கட் தூளைத் தூவினாள். மகளுக்கு இன்று ஆறு வயது.

"அழுது கேக்கை உப்பாக்கிடாதே. மணி அஞ்சாச்சு" என்றாள் தங்கை.

அழைப்பு மணி அடித்தது. வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள்.

"காடு கேக் ஆர்டர் கொடுத்திருந்தேனே?" அக்கா நீட்டிய கேக் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "ஐயோ, எவ்வளவு அழகு! என் பொண்ணு குதிக்கப் போறா."

அக்கா மெல்லத் தலையாட்டினாள். கோர்ட் குழந்தையை அப்பாவிடம் கொடுத்து ஐந்து வருடமாகிறது. இனிப் பார்க்க வரமாட்டேன் என்று அக்கா கையெழுத்தும் போட்டிருந்தாள். அக்காவை விட்டுப் பிரிந்த அந்தக் கணவர் மறுபடி கட்டிக்கொண்டவள்தான் இவள். போனில் குழந்தையின் பெயரையும் பிறந்த தேதியையும் சொன்னபோதே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. இவளுக்கோ அக்காவின் முகம்கூடத் தெரியாது.

பெட்டியை வாங்கிக்கொண்டவள் படியிறங்காமல் நின்றாள்.

"கீழே கார்ல அவங்கப்பாகூட உக்காந்திருக்கா. கேக் செஞ்ச ஆன்ட்டியைப் பார்த்தே ஆகணும்னு ஒரே அடம். ஒரு நிமிஷம் இறங்கி வர்றீங்களா?"