செத்த பிறகு வந்த கூட்டம்

"நான் செத்துட்டேன்னு போட்டுடு" என்றார் தளக்காரர்.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிரக்கூட இல்லை. "இப்பவேவா, இல்ல காபி குடிச்சிட்டா?"

"விளையாடாதே. மன்றத்துல நீ எழுதணும். 'என் கணவர் நேற்று காலமானார். அவர் உயிரா வளர்த்த தளத்தைக் கைவிட்டுடாதீங்க.' அவ்வளவுதான், மத்ததை ஜனங்க பார்த்துக்குவாங்க."

இணையதளம் நடத்துகிறவர்கள் கூடும் மன்றம் அது. என் தளத்துக்கு நீ வா, உன் தளத்துக்கு நான் வருகிறேன். என் லிங்க்கை நீ போடு, உன் லிங்க்கை நான் போடுகிறேன். அத்தனை பேரும் அங்கே கடை விரித்திருந்தார்கள். வாங்க வந்தவர்தான் ஒருவரும் இல்லை. இருந்த வேலையையும் விட்டுவிட்டு ஆறு மாதமாக அங்கேயே பழியாய்க் கிடந்தும், தளக்காரரின் 'நூறு வயது வாழலாம்' தளம் படுத்த படுக்கையாகவே இருந்தது. மாதக் கடைசிக்குள் அது எழுந்து உட்காராவிட்டால் அவர் மச்சானின் டயர் கிடங்குக்கு வேலைக்குப் போக வேண்டும். மனைவி வைத்த கெடு.

"நூறு வயசு வாழ வழி சொல்ற ஆளு நாப்பத்தஞ்சுல போய்ச் சேர்ந்தா, எவன் வருவான் உங்க சைட்டுக்கு?"

"அந்தக் கூத்தைப் பார்க்கத்தான் வருவான்! கழுகை நினைச்சுப் பாரு. அவர் போனப்போ மன்றமே அழுதுச்சு. ஆளாளுக்கு முதல் பக்கத்துல அவர் படத்தைப் போட்டு, கீழே அவர் சைட் லிங்க்கையும் போட்டோம். ரெண்டு வருஷமாச்சு. அத்தனை லிங்க் சேர்ந்ததுல, இன்னிக்கும் கூகுள்ல தேடினா அவர் சைட்தான் முதல்ல வந்து நிக்குது. உயிரோட இருந்தப்போ நின்னுச்சா?"

கழுகு அந்த மன்றத்துக்கே குரு. கொக்கி மாதிரி வளைந்த மூக்கால் வந்த பட்டப்பெயர். நேரில் பார்த்ததே இல்லை என்றாலும், அவர் இறந்த செய்தி வந்த அன்று தளக்காரர் சாப்பிடாமல் சுருண்டு கிடந்தார். "பெத்த அப்பாவுக்குக்கூட இப்படி அழலையே" என்று மனைவி இன்றைக்கும் குத்திக் காட்டுவாள். கறுப்புக் கரையிட்ட அந்தப் படம் அவர் தளத்தின் முதல் பக்கத்தில் இன்னமும் இருக்கிறது.

மனைவி பெருமூச்சு விட்டாள். கணவரைக் கொன்றாள்.

கூட்டம் அள்ளியது.

'ஆழ்ந்த இரங்கல். சோபா, மெத்தை வகைகளுக்கு என் தளத்தைப் பாருங்கள்.'

'அழுது அழுது கண் வீங்கிவிட்டது நண்பா. கண் எரிச்சலுக்குச் சொட்டு மருந்து, கீழே லிங்க்.'

'உன் இடத்தை யாரால் நிரப்ப முடியும்! வழுக்கையை நிரப்ப எங்களை அணுகவும்.'

"எவ்வளவு பாசம் பாத்தியா!" தளக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உங்கண்ணன்கிட்ட சொல்லிடு, டயரை அவரே உருட்டிக்கட்டும்."

மறுநாள் மன்ற நிர்வாகியிடமிருந்து செய்தி வந்தது. நேரில் துக்கம் விசாரிக்க வருகிறாராம். கழுகு போன பிறகு மன்றத்தையும் கழுகின் தளத்தையும் சேர்த்துக் கவனித்துக்கொள்பவர் இவர்தான். இவர் முகத்தை யாரும் பார்த்ததில்லை.

தளக்காரருக்கு வியர்த்தது. "மாட்டினா மன்றத்தை விட்டே துரத்திடுவாங்க. அதோட சைட்டும் காலி."

"கிடங்கு திறந்துதான் இருக்கு" என்றாள் மனைவி.

அழைப்பு மணி அடித்தது. தளக்காரர் படுக்கையறைக்குள் பாய்ந்தார். கதவை ஒரு விரல்கடை இடுக்கு விட்டுச் சாத்திக்கொண்டார்.

வந்தவர் முகத்தில் மாஸ்க். "சளி புடிச்சிருக்கும்மா, தப்பா நினைக்காதீங்க." உட்கார்ந்தார், தலையை ஆட்டி ஆட்டி உச்சுக் கொட்டினார். "தங்கமான மனுஷன். எப்படிம்மா போனாரு?"

"உக்காந்த இடத்துலயே சார். ஆறு மாசமா உக்காந்த இடத்துலயேதான் இருந்தாரு."

"அடடா. வீட்டுக்கு எவ்வளவு ஒத்தாசையா இருந்திருப்பாரு!"

"ஒரு பக்கெட் தண்ணி தூக்கினதில்ல சார்."

உள்ளே தளக்காரர் பல்லைக் கடித்தார்.

வந்தவர் குரலைத் தாழ்த்தினார். "நடந்தது நடந்து போச்சு. ஒத்தைப் பொம்பளை, அந்த சைட்டை வச்சுக்கிட்டு நீங்க என்ன பண்ணுவீங்க? பாஸ்வேர்டைக் கொடுத்துடுங்க, நான் பார்த்துக்கறேன். முதல் பக்கத்துல கழுகோட லிங்க் ஒண்ணு இருக்கு. அதை மட்டும் எக்காரணம் கொண்டும் எடுத்துடக் கூடாது. செத்தவருக்கு நாம செய்யற மரியாதை அது."

"பாஸ்வேர்டுதானே? தாராளமா எடுத்துக்கோங்க சார். எனக்கும் ஒரு சனியன் விட்டுது."

தளக்காரரின் கை கதவுப் பிடிக்குப் போனது. வெளியே போனால் டயர் கிடங்கு. போகாவிட்டால் தளமே கைமாறிவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"முதல்ல இந்தத் தண்ணியைக் குடிங்க" என்று தம்ளரை நீட்டினாள் மனைவி.

வந்தவர் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கினார். கதவிடுக்கில் தளக்காரரின் கண் நிலைகுத்தியது. கொக்கி மாதிரி வளைந்த அந்த மூக்கை, கறுப்புக் கரைக்கு நடுவே, ரெண்டு வருடமாக அவர் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"அடப்பாவி! நீ இன்னும் சாகலையா?" என்று அலறிக்கொண்டே கூடத்துக்கு ஓடி வந்தார் காலமானவர்.

தம்ளர் உருண்டது. ரெண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்து வாயைப் பிளந்து நிற்க, மனைவி நிதானமாகப் போனை எடுத்தாள்.

"அண்ணா, கிடங்குக்கு ஆள் வேணும்னியே... ரெண்டு பேரு கிடைச்சிருக்காங்க. செத்தவங்கதான், லீவு கேக்க மாட்டாங்க."