கண்ணையன் அளந்த கொல்லை

“இஞ்சினீருக்குப் படிக்க மெட்ராசுக்கு அனுப்பினா, ஊரான் கொல்லையை அளக்கத்தான் கத்துகினு வந்திருக்கான்!”

காஜா மொய்தீன் மளிகைக் கடை வாசலில் பச்சையப்பன் போட்ட சத்தத்தில், தெருவில் போன வண்டிக்காரன்கூடத் திரும்பிப் பார்த்தான்.

“யாரு, சிவப்பிரகாசம் மவன் கண்ணையனா?” என்றார் மொய்தீன், புளியை நிறுத்தபடி.

“வேற யாரு பாய்? மொத வருசமே இன்னும் முழுசா முடியல. லீவுக்கு வந்ததுலேர்ந்து இரும்புச் சங்கிலியை இஸ்துகினு, செவப்புத் துணி கட்டின கொம்பைத் தூக்கிகினு என் மணிலாக் கொல்லையிலயே சுத்தறான்.”

“படிப்புக்கு எதுனா பண்ணுவான், பச்சையப்பா.”

“அவங்க அப்பன் நெலம் இல்லியா அளக்க? எங்கொல்லைதானா கெடச்சிது? இதுல என்னமோ உள்ளடி வேலை இருக்குது பாய்.”

பச்சையப்பனுக்குச் சந்தேகம் வந்தால் லேசில் போகாது. பால் தண்ணியாக இருந்தால் மாட்டையே முறைத்துப் பார்க்கிற ஆசாமி. இதில் அவரை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. பிரெஞ்சுக்காரன் ஆண்ட பாகூரில் சங்கிலியைக் கண்டால் யாருக்குமே கொஞ்சம் உதறும். முன்னால் சங்கிலி வந்தால் பின்னால் வரி வரும், இல்லாவிட்டால் ரோடு வரும். ஆனால் பச்சையப்பன் அளவுக்கு ஊரில் வேறு யாரும் உதறவில்லை.

அன்று சாயங்காலம் நேராகக் கொல்லைக்கே போய்விட்டார். வேர்க்கடலை பிடுங்கி வெறுமனே கிடந்த அந்த மணிலாக் கொல்லையில் கண்ணையன் குனிந்து என்னவோ எழுதிக்கொண்டிருந்தான். இவரைப் பார்த்ததும் காகிதத்தைச் சட்டைக்குள் சொருகினான்.

“இன்னாடா எழுதற?”

“ஒண்ணும் இல்ல மாமா. சும்மாதான்.”

“சும்மாவா? யாரு அளக்கச் சொன்னது? ஒங்கப்பனா? இல்ல, வரி போடற மேர் கச்சேரியா?”

“ஐயோ, அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மாமா!” பையன் முகம் வெளுத்துவிட்டது.

பக்கத்துக் கொல்லையில் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்த அந்தக் கொல்லைக்காரி சின்னப்பிள்ளை சிரித்தாள். புருஷனை இழந்தவள், அந்தத் துண்டு நிலத்தை வைத்துத்தான் பிழைப்பு. “அளந்துட்டுப் போவட்டுமே அண்ணே. மண்ணை மடியிலயா கட்டிகினு போவப்போவுது?”

“ஒனக்கு ஒண்ணும் தெரியாது. நீ பேசாம இரு,” என்று எரிந்து விழுந்தார் பச்சையப்பன்.

“நாளைக்கு எல்லைக்கல்லு வரைக்கும் இன்னொரு தடவை சரிபாத்துட்டா போதும் மாமா. அப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டேன்,” என்றான் கண்ணையன்.

சரிபார்க்கிறானாமே! அன்றைக்குப் பச்சையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், கண்ணையன் அவருடைய கிணற்றுமேட்டில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். சங்கிலி தூரத்தில் கிடந்தது. சின்னப்பிள்ளை அவனை என்னவோ சொல்லித் தேற்றிக்கொண்டிருந்தாள்.

“இன்னாடா ஆச்சு?”

“போச்சு மாமா. நான் இனிமே காலேஜுக்குப் போவல.”

“ஏண்டா?” என்றார் பச்சையப்பன்.

“சின்ன வயசுலேர்ந்து நம்ம பிரெஞ்சுப் பள்ளிக்கூடம். மீட்டர்லதான் என் கண்ணு பாக்கும். அங்க எல்லாமே அடி, அங்குலம். நெலம் அளக்குற பாடத்துல சைபர் வாங்கிட்டேன். ‘நீ கட்டற பாலம் ஆத்துல பாதியிலயே நின்னுடும்’னு வாத்தியார் எல்லார் முன்னாலயும் சிரிச்சாரு. அன்னியிலேர்ந்து புள்ளைங்க என்னைப் ‘பாதிப் பாலம்’னுதான் கூப்புடறாங்க.” அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “அப்பா ஊர் பூரா நான்தான் மொத மார்க்குன்னு சொல்லிகினு இருக்காரு. எங்க நெலத்துல கரும்பு நிக்குது, சங்கிலி இழுக்க முடியாது. அதான் அவருக்குத் தெரியாம இங்க வந்து பழகினேன்.”

“சரி, அதுக்கு எதுக்குடா அழற?”

“நேத்து இந்தக் கெணத்துலேர்ந்து எல்லைக்கல்லு வரைக்கும் அளந்தேன். எத்தினி தடவை அளந்தும் ஒரே அளவு. கைக்குப் படிஞ்சிடுச்சுன்னு எவ்ளோ சந்தோசப்பட்டேன்! இன்னிக்கு அளந்தா எட்டடி கொறையுது. மறுபடி மறுபடி அளந்துட்டேன், எட்டடி கொறையுது மாமா. எனக்கு இந்தப் படிப்பு வராது. அப்பாகிட்ட இன்னிக்கே சொல்லிடப்போறேன்.”

பச்சையப்பன் ஆசைப்பட்டது இதுதானே? இனிமேல் சங்கிலியும் வராது, சந்தேகமும் வராது. ‘ஆமாண்டா, ஒனக்கு வராது’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

ஆனால் போன வருஷம் இவன் மெட்ராசுக்குக் கிளம்பியபோது, நம்ம ஊர்ப் பிள்ளை இஞ்சினீர் ஆகப்போகிறான் என்று டிரங்குப் பெட்டியைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு வண்டி வரைக்கும் நடந்தவர் அவர். அந்த முகம் இப்படி அழுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. சின்னப்பிள்ளை நின்ற பக்கம் திரும்பவும் தைரியம் வரவில்லை.

“எழுந்திருடா. நீ நேத்து அளந்ததும் சரி, இன்னிக்கு அளந்ததும் சரி,” என்றார் தலையைக் குனிந்துகொண்டு. “சின்னப்பிள்ளை புருசன் செத்த வருசம் அந்தக் கல்லை அவ கொல்லைக்குள்ள தள்ளி நட்டவன் நான்தான். நீ கண்டுபுடிச்சிடுவியோன்னு பயந்து, ராத்திரியே பெயத்துப் பழைய எடத்துல நட்டுட்டேன்.”