பால் கட்டு

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் பவுலினின் மரபணு ரிப்போர்ட்டைப் புரட்டினார் டாக்டர் அம்சா.

"கட்டியை ஆரம்பத்திலேயே எடுத்துட்டோம், பவுலின் நல்லாயிடுவாங்க. ஆனா இது பரம்பரையா வர்ற மார்பகப் புற்றுநோய். அம்மா வழியா, அப்பா வழியான்னு தெரிஞ்சா அந்தப் பக்கத்துப் பொண்ணுங்களையும் முன்கூட்டியே பாத்துடலாம்."

"எங்க பக்கம் யாருக்கும் கேன்சர் கெடையாதுங்க," என்று மனைவியைப் பார்த்தார் அப்பா ராயப்பன். இருதயசெல்வி தலைகுனிந்தாள். ஆறு மாதமாக வீட்டில் இதே பேச்சுதான்.

"உங்க பக்கம் சின்ன வயசுல யாராவது இறந்தாங்களா?" என்று ராயப்பனைக் கேட்டார் டாக்டர்.

"எங்க பெரியக்கா, நாப்பது வயசுல. அது கேன்சர் இல்லீங்க. மார்ல பால் கட்டிக்கினு புண்ணாயிடுச்சுன்னு வீட்ல சொன்னாங்க."

"அவங்க பிள்ளைங்க எங்க இருக்காங்க? டெஸ்ட் எடுக்கணும்."

"அக்காவுக்கு ஏதுங்க பிள்ளைங்க? அவங்க திண்டிவனத்துல கன்னியர் மடத்துல சிஸ்டரா இருந்தவங்க..."

தான் சொன்னது ராயப்பனின் காதில் அப்போதுதான் விழுந்தது.

ஒரு கையால் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் திருவெண்ணெய்நல்லூரில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டார்.

"உம் பொண்ணுங்க ரெண்டு பேரையும் ஜல்தியா கூட்டிக்கினு வா. பயப்படாத, நேரத்தோட பாத்தா தப்பிச்சிக்கலாமாம்... ஆமாண்டா, நம்ம பக்கந்தான்."