வீடு பார்க்க வந்தவள்

"வீடு பாக்கதுக்குப் பொண்ணே நேர்ல வந்ததா எங்கயாவது கேட்டிருக்கியா முத்துக்கனி?"

அடுப்படியில் நின்று நேசபாய் கிசுகிசுத்தாள். பக்கத்து வீட்டு முத்துக்கனி அச்சுமுறுக்கைத் தட்டில் அடுக்கிக்கொண்டே கூடத்தை எட்டிப் பார்த்தாள்.

"இல்லக்கா. அப்பன், மாமன், சித்திமாருதான் வருவாங்க. பொண்ணு கல்யாணம் முடிஞ்சுதான் வாசலை மிதிப்பா. இவ என்னன்னா சுத்தியலோட வந்திருக்கா."

கூடத்தில் அந்தப் பெண், பெயர் அபினா, சின்னச் சுத்தியலால் சுவரைத் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளைக் காரில் கூட்டிவந்த பெரியவர் முற்றத்தில் நின்று பலாமரத்தை அண்ணாந்து பார்த்தார்.

கல்யாணப் பேச்சை எடுத்தாலே போனை வைத்துவிடுகிற மகன் டெனிஷ், மான்செஸ்டரிலிருந்து முந்தின நாள் அவனாகவே கூப்பிட்டிருந்தான். "நாளைக்கு வீடு பாக்க ஆளு வரும்மா. எல்லா அறையும் தொறந்து காட்டு." அவ்வளவுதான். மகன் மனம் மாறினதே பெரிது என்று நேசபாய் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. முன்பு ஒரு தடவை களியக்காவிளையிலிருந்து வந்த பெண் வீட்டார், பின் அறைச் சுவரில் ஏறியிருந்த ஈர ஓதத்தைப் பார்த்துவிட்டுச் சம்பந்தமே வேண்டாம் என்று போய்விட்டார்கள். இந்தத் தடவை அவள் விடுவதாக இல்லை. காலையிலேயே இரும்பு அலமாரியை இழுத்து அந்த ஓதத்தை மறைத்துவிட்டாள்.

தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். முத்துக்கனியும் பின்னாலேயே வந்தாள்.

"என்ன படிச்சிருக்க மக்களே?"

"சிவில் முடிச்சிட்டு இங்கிலாந்துல எம்.எஸ்சி., ஆண்டி. பில்டிங் சர்வேயிங்."

"சர்வேயரா? சங்கிலி புடிச்சு அளக்குத வேலையா?"

முத்துக்கனி குறுக்கே பாய்ந்தாள். "எங்க அத்தானும் தாலுகா ஆபீஸ்ல அதே வேலையாக்கும். அதுக்கு எதுக்கு இங்கிலாந்து வரைக்கும் போணும்?"

அபினா சிரித்தாள். "அது நிலம். இது கட்டடம். எங்க பழுது, எதனால வந்தது, இன்னும் எத்தனை காலம் தாங்கும்னு பாத்துச் சொல்லணும். ஊர்ல யாருக்கும் புரியல. வேலித் தகராறுக்குத்தான் கூப்பிடுறாங்க."

"இங்கிலாந்துல எங்க?"

"மான்செஸ்டர் பக்கம்."

நேசபாயும் முத்துக்கனியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்க டெனிஷைத் தெரியுமோ?"

"போன்ல பேசியிருக்கேன். பொறுமையா எல்லாம் சொன்னார்."

சொல்லியிருப்பான், சொல்லியிருப்பான். பெற்றவளிடம் பேசத்தான் அவனுக்கு நேரம் கிடையாது.

"அங்கயே வேலை பாத்திருக்கலாமே?"

"படிச்சா மட்டும் போதாது ஆண்டி. ஒரு பெரிய சர்வேயர்கிட்ட வேலை பாத்து, அப்புறம் தேர்வு எழுதணும். அதுக்குள்ள விசா முடிஞ்சிட்டு."

விசா. நேசபாய்க்கு எல்லாம் விளங்கிவிட்டது. அடுப்படிக்குத் திரும்பியதும் முத்துக்கனியின் கையைப் பிடித்தாள்.

"விசாவுக்காவ எம் மொவனை வளைச்சிருக்கா, ஏட்டி."

"இருக்கட்டும்க்கா. அவனுக்கும் வயசு போகுதுல்லா? வாய் திறக்காம இருங்க. ஆனா ஒண்ணு, இவ உங்களையும் தட்டிப் பாத்து எத்தனை காலம் தாங்கும்னு சொல்லிருவா."

"ஆண்டி!" பின் அறையிலிருந்து குரல் வந்தது. "இந்த அலமாரியைக் கொஞ்சம் நகர்த்தலாமா?"

நேசபாய் ஓடினாள். "அது ஒரே பாரமாக்கும் மக்களே. பின்னால ஒண்ணும் கிடையாது."

"நானே தள்ளிக்கிறேன்."

தள்ளினாள். இடுப்பு உயரத்துக்குச் சுவர் கறுத்து, பூச்சு பொரிந்து கிடந்தது. அபினா ஒரு கருவியைச் சுவரில் வைத்தாள். அது கீச்சென்று கத்தியது. அபினா வெளியே போய், சுவரைச் சுற்றி வந்து, கூரையைப் பார்த்து, குனிந்து மண்ணைக் கிளறினாள்.

அந்த நேரம் பார்த்துப் பெரியவர் வாசலுக்கு வந்தார். "கோடையில கிணத்துல தண்ணி நிக்குமா?"

"ஒரு நாளும் வத்துனது கிடையாது."

"வீடு யார் பேர்ல?"

"டெனிஷ் பேர்லதான். அவங்க அப்பா போனதுமே எழுதிக் குடுத்துட்டேன்." பெண் வீட்டார் கேட்பார்கள் என்று தெரிந்து முன்கூட்டியே செய்த காரியம். பெருமையாகவே சொன்னாள்.

அபினா கையைத் தட்டிக்கொண்டு வந்தாள். நேசபாய் அவள் முகத்தையே பார்த்தாள்.

"கூரைத்தண்ணி இறங்குற குழாய் உடைஞ்சு சுவர்மேல ஊத்துது. அதை மாத்தினா ஓதம் நின்னுரும். அஸ்திவாரம் நல்ல உறுதி, கூரையும் நல்லாருக்கு." பெரியவரைப் பார்த்துச் சொன்னாள்: "தைரியமா முடிக்கலாம்."

நேசபாய் மூச்சு விட்டாள். விசாவாவது ஒண்ணாவது, நல்ல பிள்ளை. ஓதத்தை நேரில் கண்ட பிறகும் வேண்டாம் என்று சொல்லவில்லையே. முந்திரிக்கொத்துப் பலகாரத்தை எடுத்து அவள் கையில் திணித்தாள்.

"அப்போ தேதி குறிச்சிரலாமா?" பெரியவரிடம் கேட்டாள்.

"தேதியெல்லாம் டெனிஷ் குறிச்சாச்சு." அவர் ஒரு முறுக்கை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார். "கிரயப் பத்திரம் பதியுறதுக்கு முந்தின நாள் நீங்க சாமானெல்லாம் ஒழிச்சு, சாவியைத் தந்தாப் போதும்."