கீற்று நிழல்

கடற்கரை ஆமைப் பொரிப்பகத்தில் மணல் கொதித்தது. "மண்ணு சூடானா எல்லாம் பொட்டையாத்தான் பொரிக்கும். குளுமையா இருந்தாத்தான் ஆணு வரும்" என்று வனக்காவலர் சொன்னதால், அஞ்சலாட்சி முட்டைக் குழிகளுக்கு மேல் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டாள். அவளுக்கு ஐந்து மாதம். முதல் மூன்றும் பெண். சோறு கொண்டுவந்த மாமியார், பந்தல் எதற்கென்று கேட்டுத் தெரிந்துகொண்டு போனாள்.

மறுநாள் மதியம் அஞ்சலாட்சி வீடு திரும்பியபோது, தகரக் கூரை முழுக்க ஈரக் கீற்று பரப்பியிருந்தது. உள்ளே குளுகுளுவென்று இருந்தது.

"ஆமைக்குச் செய்யுறத வயித்துப் புள்ளைக்குச் செய்யக் கூடாதா? பேசாம படு" என்றாள் மாமியார்.

அஞ்சலாட்சி பாயைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வெயில் நன்றாக விழும் இடமாகப் பார்த்து விரித்து, வயிறு மேலே இருக்க மல்லாந்து படுத்தாள்.