தெரியாதவை

தட்டாஞ்சாவடிப் பட்டறைகளின் இரைச்சலுக்கு வங்கக் கடலே வெட்கித் தலைகுனியும்; இந்த ஒரு பட்டறை மட்டும் மூச்சடக்கி நிற்கிறது. குறைமாதக் குழந்தைக்கான புதிய சூட்டுத் தொட்டில் நடுவில் செக்கச்செவேலென ஒளிர்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய அறிக்கையைத் திட்டமிடும் பூர்ணிமாவின் கணினித் திரையில் புதுச்சேரியையே குடிவைக்கலாம், அவ்வளவு வெற்று வெள்ளை. "ராத்திரி முழுக்க சூடு சீரா நிக்குமான்னு நாம சோதிக்கவே இல்லயே, பாய். 'தெரியாதவை'ன்னு முதல் தலைப்பே போட்டுடறேன்." "அப்படிப் போட்டா யாரும்மா வாங்குவாங்க? நிக்கும்னு எழுது," என்கிறார் முதலாளி கரீம். "எழுதினா, நம்பிப் புள்ளையப் படுக்க வெச்சிடுவாங்களே." அவள் விரல்கள் அசையவில்லை. கரீம் பாய் சட்டைக்கையைச் சுருட்டி, குழந்தை படுக்கும் இடத்தில் தன் வெறும் கையை வைக்கிறார். "தலைப்பப் போடு," என்கிறார். கையை இன்னும் எடுக்கவில்லை.